எண்ணெய்க் கிடங்கில் நிலத்தடி நீர் மாதிரி எடுத்த அனுபவம்

நாகப்பட்டினம் பக்கம் ஒரு எரிபொருள் சேமிப்புக் கிடங்குக்கு எங்கள் ஆய்வகத்திலிருந்து நானும் உதவிக்கு ஒரு தம்பியும் போயிருந்தோம். கிடங்கைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் இருக்கின்றன. கிணறு என்றதும் உறைக்கிணற்றை நினைக்க வேண்டாம். நாலு இஞ்ச் பி.வி.சி. குழாய், அடியில் மெல்லிய வெட்டுகள், தலையில் பூட்டு போட்ட மூடி, அவ்வளவுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் சம்பா வயல். அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யும்போது அவசரப்பட மனசு வராது.

முதலில் எல்லாக் கிணற்றிலும் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். டெல்டா தட்டை நிலம், கிணற்றுக்குக் கிணறு மட்டம் சில சென்டிமீட்டர்தான் மாறும். தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது, எண்ணெய் கசிந்தால் யார் வயல் பக்கம் போகும் என்பதெல்லாம் அந்தச் சில சென்டிமீட்டரில்தான் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும், கடலோரத்தில் ஓதம் ஏறினாலும் மட்டம் மாறிவிடும். அதனால் காலையிலேயே ஒரே மூச்சில், குழாய் விளிம்பில் போட்ட குறியிலிருந்து அளந்து முடித்தோம். டீசல் தண்ணீர்மேல் மிதக்கும் என்பதால், எண்ணெய்க்கு ஒரு சத்தமும் தண்ணீருக்கு வேறு சத்தமும் கொடுக்கும் அளவுகோலை இறக்கினோம். எண்ணெய்ப் படலம் எதிலும் இல்லை.

அப்புறம், சுத்தமாக இருக்கும் என்று நம்பும் கிணற்றில் தொடங்கி, சந்தேகமான கிணற்றைக் கடைசியில் வைத்துக்கொண்டோம். குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர் பூமிக்குள் ஓடும் தண்ணீர் ஆகாது, அதை இறைத்துத் தள்ள வேண்டும். நாலு இஞ்ச் குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 8 லிட்டர் நிற்கும். ஆறு மீட்டர் தண்ணீர் இருந்தால், மூன்று மடங்கு என்று கணக்குப் போட்டால் 140 லிட்டருக்கு மேல் போகும். இறைத்ததைத் தரையில் விடாமல் டிரம்மில் பிடித்தோம்.

கிடங்கு மேற்பார்வையாளர், "சார், மழை வருது. ரெண்டு வாளி இறைச்சிட்டுப் பிடிச்சிடுங்களேன்" என்றார். ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்து மூன்று அளவீடுகளில் பி.எச். (அமில-காரத் தன்மை) 0.1-க்குள்ளும் மின்கடத்துத்திறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்றால்தான், பூமிக்குள்ளிருந்து வரும் தண்ணீர் வந்துவிட்டது என்று குப்பியைத் திறப்பேன். ஒரு கிணற்றில் களிமண் கலங்கிக்கொண்டே வந்தது. பம்பின் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

எரிபொருளில் இருக்கும், சட்டென்று ஆவியாகிவிடும் நச்சுப்பொருளான பென்சீனுக்கான குப்பிதான் கையைக் கட்டும் வேலை. 40 மில்லி கண்ணாடிக் குப்பி, மாதிரி கெடாமல் இருக்க உள்ளே சில சொட்டு அமிலம் முன்பே இருக்கும். வழிந்தால் அமிலமும் போய்விடும். தண்ணீர் விளிம்புக்கு மேல் மெல்லிசாக மேடு கட்டும்வரை ஓரமாக ஊற்றி, மூடி, தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குமிழ் தெரிந்தாலும் அந்தக் குப்பி ஆகாது, பென்சீன் அந்தக் காற்றுக்குள் ஓடிவிடும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். அதனால் புகை மாதிரியில் கலக்காதபடி ஜெனரேட்டரைக் காற்று போகும் திசையில் தள்ளி வைத்தோம், கிணற்றுக்குக் கிணறு கையுறை மாற்றினோம்.

மதிலோரம் நின்ற ஒரு பெரியவர், "தம்பி, எங்க போர் தண்ணியையும் பாப்பியளா?" என்று கேட்டார். எங்களுக்குக் கொடுத்த வேலை மதிலுக்குள் மட்டும்தான். "குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல கொடுங்கய்யா. ஆனா சாதாரணப் பரிசோதனையில பென்சீன் வராது, அதைத் தனியா எங்க பாப்பாங்கன்னு அங்கயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது போதாது என்று எனக்கே தெரியும்.

ஐஸ் பெட்டியை ஆய்வகத்தில் ஒப்படைக்கும்போது உள்ளே 4 டிகிரி இருந்தது. யாரிடமிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்கு என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். வாய்க்கால் வறண்டு கிடக்கும் கோடையில் நீரோட்டம் வேறு பக்கம் திரும்பலாம், அப்போதும் ஒருமுறை எடுக்க வேண்டும், மதிலுக்கு வெளியே உள்ள போர்களையும் சேர்க்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.