ஒரு நாளுக்கு ஓர் ஆறு: யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு

யாழ் நகரின் நெரிசலிலிருந்து ஒரு நாள் விலகி வன்னிக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். இரணைமடு, முறிகண்டி, ஒட்டுசுட்டான், வற்றாப்பளை, முல்லைத்தீவுக் கடற்கரை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்குப் புறப்படுகிறார்கள். மாங்குளம் வரை ஏ-9 (யாழ்ப்பாணம்-கண்டி வீதி), அங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியே முல்லைத்தீவு, பிறகு புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் என்று சுற்றி வந்தால் 250 கிலோமீற்றருக்கு மேல் வரும். அன்றைய நாளில் பார்த்தது வீதி மட்டுமாகத்தான் இருக்கும்.

வன்னியில் மலையும் இல்லை, மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கும் இல்லை. நிலம் வடக்கு நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவில் கனகராயன் ஆறு ஓடி வந்து இரணைமடுக் குளத்தில் தேங்கி, மிச்சம் சுண்டிக்குளம் பக்கம் கடல்நீரேரியில் சேர்கிறது. பள்ளத்தாக்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் எங்களுக்கு இந்த ஆற்று வழிதான். உங்கள் ஒரு நாள் முழுவதையும் இந்த ஓர் ஆற்றுக்குக் கொடுங்கள். பேராறும் முத்தையன்கட்டும் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரும் இன்னொரு நாளுக்கு இருக்கட்டும்.

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை கொட்டும். குளம் நிறைந்து, காற்று குளிர்ந்து, மாரி மழையோடு விதைத்த காலபோக நெல்வயல் மஞ்சளாகி நிற்கும் தை நடுவிலிருந்து மாசி முடியும் வரையான நாட்கள்தான் மிக நல்லவை. சித்திரைக்குப் பிறகு பச்சை வயல் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையில் செய்யும் சிறுபோகம் மழையை நம்பிச் செய்வதல்ல. குளத்தில் மிஞ்சிய நீரைக் கணக்குப் பார்த்து, இத்தனை ஏக்கர்தான் என்று கூட்டம் கூடி முடிவெடுத்துச் செய்வது. ஆகவே போன வருடம் பச்சையாகக் கிடந்த துண்டு இந்த வருடம் தரிசாகக் கிடக்கலாம். ஆவணி, புரட்டாதியில் நீர் வற்றிக் குளத்தின் அடி தெரியும், மாடுகள் உள்ளே இறங்கி மேயும். அதற்கும் ஓர் அழகு உண்டு என்றாலும், முதல் தடவை போகிறவர்களுக்கு அந்த மாதங்களைச் சொல்லமாட்டோம். வெயில் வாட்டிவிடும்.

மழைக்காலத்தில் இரணைமடுவின் நீர்மட்டத்தை உள்ளூர்ச் செய்திகள் அடிக்கணக்கில் சொல்லும். 36 அடி வந்தால் குளம் நிறைவு. அதை நெருங்கும்போது வான்கதவுகளைத் திறப்பார்கள். குளம் வான் பாய்வதைப் பார்க்கச் சனம் திரளும். பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அன்றைக்குக் குளத்துக்குக் கீழே பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கம் இறங்காதீர்கள். 2018 மார்கழியில் அந்தப் பக்கத்து வீடுகளுக்குள் வெள்ளம் நின்றது. அங்குள்ளவர்கள் பொருட்களைத் தலையில் சுமந்துகொண்டு போகும் நேரத்தில், படம் எடுக்க வந்த வாகனங்கள் பாதையை அடைத்து நிற்கக் கூடாது.

புறப்படும் நேரம் 4.45. இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம், காரணம் சூரியன். யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு வரை வீதி தென்கிழக்காகப் போகிறது. விடிந்த பிறகு புறப்பட்டால் சாவகச்சேரி, கொடிகாமம், பளை முழுக்க வெயில் நேரே கண்ணில் குத்தும். பொழுது கிளம்பும்போது ஆனையிறவைத் தாண்டியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை. கிளிநொச்சி ஏறக்குறைய 65 கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம் போதும். நகரைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இரணைமடுச் சந்தி. அதில் இடப்பக்கம் திரும்பினால் சில கிலோமீற்றரில் குளக்கட்டு.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மாங்குளம் வரை போய்த் திரும்ப, குளக்கட்டுக்கு உள்ளே போய் வருவதையும் சேர்த்து, சுமார் 210 கிலோமீற்றர் ஓடுவார்கள். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டியென்றால் 5 லீற்றர் பெற்றோல் தாராளம். ராங்கை யாழ்ப்பாணத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கிளிநொச்சியில் நிரப்புங்கள். ரயர் காற்றையும் முதல் நாளே பாருங்கள். காற்றுக் குறைந்த ரயரோடு கிரவல் வீதியில் ஓடுவது நல்லதல்ல. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிரவல் பாதைக்குள் போனால் செம்மண் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில் அப்பிச் சில்லே சுற்றாமல் நிற்கும். ஒரு தடியும் பழைய துணியும் வைத்திருந்தால் தோண்டி எடுத்துவிடலாம்.

பஸ்ஸில் போவதென்றால் வவுனியா பஸ்ஸில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்குங்கள். புகையிரதமும் கிளிநொச்சி, மாங்குளத்தில் நிற்கும். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் முதல் நாள் நிலையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கிளிநொச்சியில் ஓட்டோ பிடிக்கும்போது போகும் கூலியை மட்டும் பேசாதீர்கள். குளக்கட்டில் இரண்டு மணித்தியாலம் நிற்பதற்கும் முறிகண்டியில் கொண்டுபோய் விடுவதற்கும் சேர்த்து ஏறுமுன்பே பேசி முடித்துவிடுங்கள். சில்லறைக் காசு கட்டாயம். கிராமத்துக் கடைகளில் அட்டை செல்லாது, 5000 ரூபாய்த் தாளுக்கு மிச்சமும் இருக்காது.

குளக்கட்டில் ஏழு மணிக்கு முன் நிற்க வேண்டும். இரணைமடுவுக்கு 1902 இல் வேலை தொடங்கினார்கள். ஆறு வடக்கே ஓடுவதால் கட்டு வடக்கில், தண்ணீர் தெற்கில். கட்டில் நின்று குளத்தைப் பார்த்தால் காலைச் சூரியன் இடக்கைப் பக்கம் இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் அலைகரையில், அதாவது நீர் ஏறி இறங்கும் குளத்தோரத்தில், நிற்கும் பட்ட மரங்களும் அவற்றில் சிறகு விரித்துக் காயும் நீர்க்காகங்களும் கோடு கீறியதுபோல் தெரியும். எட்டரைக்குப் பிறகு அந்தத் தெளிவு போய், தண்ணீர் வெறும் வெள்ளித் தகடாகிவிடும். நீரைத் திறந்துவிடும் மதகான துருசுக்கு அருகில் போனால் காலடியில் ஓர் அதிர்வு கேட்கும், உள்ளே நீர் வாய்க்காலுக்கு இறங்குகிறது. அந்த இடத்தில் ஒருபோதும் இறங்கிக் குளிக்காதீர்கள். மேலே அசையாத நீர் கீழே இழுக்கும். வன்னிக் குளங்களில் முதலையும் உண்டு. குளிக்க ஆசையென்றால் ஊர்ச்சனம் குளிக்கும் வாய்க்கால் படியைக் கேட்டுப் போங்கள். அவர்கள் குளிக்காத இடத்தில் நீங்களும் குளிக்க வேண்டாம்.

குளத்தருகே கனகாம்பிகை அம்மன் கோயில் இருக்கிறது. காலைப் பூசைக்கு நிற்க விரும்பினால் அதற்கேற்ற உடுப்போடு போங்கள்.

காலையில் வலை எடுத்து வருகிறவர்களிடம் குளத்து மீன் கிடைக்கும். விரால் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் நீங்கள் வீடு திரும்புவது மாலையில். கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்ற கணக்கில் றெஜிபோம் பெட்டியில் வையுங்கள். வாங்கியவுடன் குடலையும் செவுளையும் எடுத்துக் கழுவிப் பையில் இறுகக் கட்டி, ஐஸ் மேலும் கீழும் இருக்கும்படி அடுக்க வேண்டும். ஐஸ் உருகிய தண்ணீரில் மீன் ஊறினால் மத்தியானத்துக்குள் சதை குழைந்துவிடும். அதனால் பெட்டியின் அடிமூலையில் ஒரு சிறு துளை போட்டு நீரை வடிய விடுங்கள்.

ஒன்பது மணிக்கு முறிகண்டி. ஏ-9 இல் போகும் வாகனங்கள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் நகரும். பஸ்களும் சில நிமிடம் நிறுத்துவார்கள். அந்த நிமிடங்களுக்குள் கச்சான் வாங்கிவிட வேண்டும். இங்கே ஆறிய பைக்கற்றை எடுக்காதீர்கள். தாச்சியில் மணல் சூடேறி, அதற்குள் கச்சான் புரளும்போது முதலில் சரசரவென்று ஈரச் சத்தம் வரும். பிறகு கோது காய்ந்து கலகலவென்று மாறும். அந்தக் கலகலப்பு வந்து அரித்து எடுத்த கச்சானைத்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றை உடைத்து, பருப்பின் சிவந்த தோலை விரலால் உரசிப் பாருங்கள். இலகுவாகக் கழன்றால் பதம். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் ஈரம். சூட்டோடு பொலித்தீனில் கட்டினால் வியர்த்துப் பதம் கெட்டுவிடும், கடதாசிப் பையே நல்லது.

முறிகண்டியிலிருந்து மேற்கே அக்கராயன் குளத்துக்கும் வழி உண்டு. கால் மணித்தியாலம்தான் என்று உள்ளே இழுபடாதீர்கள். தெற்கே மாங்குளம் போய், நேரம் இருந்தால் அதற்கும் அப்பால் கனகராயன்குளம் வரை போனால் ஆற்றின் மேற்பகுதியைக் காணலாம். கோடையில் பல இடங்களில் அது மணல் படுக்கைதான். கரை மருதமரங்களின் வேர் எவ்வளவு உயரத்தில் வெளியே தெரிகிறது என்று பாருங்கள், மாரியில் எவ்வளவு நீர் போகும் என்பது புரியும்.

பதினொரு மணியிலிருந்து இரண்டரை வரை அசைய வேண்டாம். மர நிழலுள்ள கோயில் வளவோ மாங்குளத்துச் சாப்பாட்டுக் கடையோ போதும். கட்டிக்கொண்டு போகிறவர்கள் தேங்காய்ப்பூ போட்ட பிட்டையும் பால் சொதியையும் தவிருங்கள், பத்து மணிக்கே புளித்துவிடும். றோஸ்ற் பாண், நீர் சேராமல் இடித்த கட்டைச் சம்பல், பொரித்த மிளகாய், இதரை வாழைப்பழம் எல்லாம் மாலைவரை தாங்கும். தண்ணீர் ஆளுக்கு 3 லீற்றர். குரங்குள்ள வளவில் பொலித்தீன் பையைக் கையில் தொங்கவிட்டால் பறித்துவிடும், முதுகுப் பைக்குள் வையுங்கள்.

வயலுக்குள் நடக்க ஆசை வந்தால் முதலில் ஆளைத் தேடுங்கள். "அண்ணை, வரம்பால ஒருக்கா நடக்கலாமோ?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், எந்த வரம்பு இளகியிருக்கிறது என்றும் சொல்லித் தருவார்கள். கேளாமல் ஏறினால் புதிதாக அணைத்த வரம்பு உடைந்து, அவர்கள் பாய்ச்சி வைத்த நீர் பக்கத்து வயலுக்கு ஓடிவிடும். பேச்சுக் கொடுக்கிறவர்களிடம் நெல்லைப் பற்றிக் கேளுங்கள், மாட்டைப் பற்றிக் கேளுங்கள். போர் முடிந்த 2009 ஐப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் இருந்து கேளுங்கள். கண்ணிவெடியை எச்சரிக்கும் சிவப்பு நிற மண்டையோட்டுப் பலகை உள்ள இடத்துக்கும், ஊர்ச்சனம் நடக்காத பற்றைக்கும் ஒரு அடிகூட வைக்கக் கூடாது. இராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீர்கள். மாடு மேயும் அலைகரைப் புல்லில் உண்ணி இருக்கும். நீளக் காற்சட்டையின் கீழ்விளிம்பைக் காலுறைக்குள் விட்டு நடவுங்கள்.

திரும்பும் நேரம் இரண்டரை, பிந்தினால் மூன்று. மாலைச் சூரியனும் எதிரேதான், ஆனையிறவிலிருந்து யாழ்ப்பாணம் வரை. கீறல் விழுந்த ஹெல்மெற் கண்ணாடியில் அந்த வெயில் பட்டால் முன்னால் முழுக்க வெள்ளையாகத் தெரியும், எதிரே வரும் சைக்கிள் மறைந்துவிடும். ஈரத்துணியால் துடைத்த கண்ணாடியோடு பளையை நாலரைக்குள் கடந்துவிடுவது நல்லது. மாசியில் இன்னொன்றும் உண்டு. அருவி வெட்டு (நெல் அறுவடை) முடிந்த நாட்களில் வீதியின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிக் காயவிடுவார்கள், ஓரத்துக்குக் கல் வைத்திருப்பார்கள். நெல்லில் முன்சில்லு ஏறினால் மணலில் ஏறியதுபோல் வழுக்கும், இருட்டில் அந்தக் கற்களும் தெரியாது. வேகத்தைக் குறைத்து மற்றப் பாதியில் வாகனம் வரவில்லை என்று பார்த்துக் கடவுங்கள். நெல்லின் மேல் ஏற்றாதீர்கள், அது ஒருவருடைய நாலு மாத உழைப்பு.

தயிர் முட்டி வாங்கியவர்கள் அதைக் கைபிடியில் தொங்கவிடாமல், பின்னால் இருப்பவர் மடியில் துணிச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு வரட்டும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை மீன் பெட்டி. ஐஸ் மிச்சம் இருந்தால் மீன் நல்லது. முழுக்கக் கரைந்து நீர் இளஞ்சூடாக இருந்தால் மணந்து பாருங்கள், சந்தேகம் என்றால் கொட்டிவிடுங்கள்.