சறுக்கத் தெரியாதவர்களின் சிம்லா

டெல்லி ஆர்.கே.புரத்தில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். இங்குள்ள தமிழர்களுக்கு ஏற ஒரே ஒரு மலைதான், மலை மந்திர் என்கிற முருகன் கோயில். அதன் படிகளைத் தவிர வேறு ஏற்றம் அறியாத கால்கள் எனக்கு. ஆகவே ஜனவரியில் தங்கையும் அவள் மகனும் சிம்லாவுக்கு அழைத்தபோது, ஸ்கீயிங் மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பையனுக்கு வயது பதினான்கு, முகம் தொங்கிவிட்டது. ஆனால் காலில் மாட்டும் அந்தப் பனிச்சறுக்குப் பலகைகளின் மேல் ஒழுங்காகச் சறுக்கப் பல நாள் பயிற்சி வேண்டும். எங்களிடம் இருந்தது நான்கு நாள்.

சரோஜினி நகரில் பேரம் பேசி வாங்கிய கம்பளிக் கையுறைகள், ஒரு தூக்கு நிறையப் புளியோதரை, காஷ்மீரி கேட்டிலிருந்து இரவு பஸ். சுமார் 350 கிலோமீட்டர். டெல்லிக் குளிரிலேயே தேங்காய் எண்ணெய் கல்லாகிவிடுகிறது. நல்லெண்ணெய் அப்படி உறைவதில்லை. மலைக்குப் புளியோதரை கட்டுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நான் மனதில் வைத்திருந்தது லக்கட் பஜாருக்குக் கீழே இருக்கும் திறந்தவெளி ஐஸ் ஸ்கேட்டிங் மைதானம். 1920 முதல் இருக்கிறது. டென்னிஸ் மைதானத்தில் சிந்திய தண்ணீர் இரவில் உறைந்துபோனதைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரருக்கு உதித்த யோசனை என்று ஊரில் சொல்கிறார்கள். இன்றைக்கும் அங்கே இயற்கைதான் ஐஸ் போடுகிறது. மாலையில் தரையில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். இரவு அதை உறைய வைக்கிறது. மலையின் வடக்குச் சரிவு என்பதால் குளிர்கால வெயில் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை.

நாங்கள் போய் இறங்கிய அன்று மைதானம் மூடியிருந்தது. காரணம் மேகம். வானம் தெளிவாக இருந்தால் தரையின் சூடு இரவெல்லாம் மேலே போய்விடும், தண்ணீர் இறுகும். மேகம் போர்வை மாதிரி அந்தச் சூட்டைப் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு அன்றிரவு பனியும் கொட்டியது. ஊர் நடுவே உள்ள ரிட்ஜ் திடலில் எல்லாரும் கைகொட்டிக் குதித்துக்கொண்டிருக்க, மைதானத்து ஊழியர் ஒருவர் மட்டும் வானத்தை முறைத்துக்கொண்டு நின்றார். விழுந்த பனியை எல்லாம் அவர்தானே வழிக்க வேண்டும்!

மறுநாள் நார்கண்டாவுக்குப் போனோம். அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் சாலையில் பனியை அள்ளி முடிக்கும்வரை வழியில் காத்திருந்தோம். நார்கண்டா கடைத்தெருவே சுமார் 2,700 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். ஊட்டிக்குப் போய் உச்சியைத் தொட்டுவிட்டோம் என்று பெருமைப்படும் உயரத்தில் இங்கே டீ விற்கிறார்கள்.

இரவு அங்கேயே தங்கி, விடிந்ததும் ஹாட்டு மலைப் பாதையில் நடந்தோம். குளிர்காலத்தில் பனி மூடி வண்டிகள் போக முடியாத சாலை அது. அதனால்தான் நடக்க அருமையாக இருக்கிறது. வாடகைக்கு எடுத்த ரப்பர் பூட்ஸ் உள்ளே ஏற்கெனவே ஈரம். எனக்கு முன்னால் அதைப் போட்டவரின் பயணமும் சேர்த்து என் காலில் ஏறியது. காலுறைக்கு மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்ளச் சொல்லி வழிகாட்டி காப்பாற்றினார். தங்கை ஜீன்ஸ் போட்டு வந்திருந்தாள். பருத்தித் துணி நனைந்தால் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். முழங்காலுக்குக் கீழே அது பலகை போல விறைத்துக்கொண்டது. பனிக்குக் கம்பளிதான்.

காலையில் பனியின் மேல்தோல் இறுகி, அப்பளம் நொறுங்குகிற சத்தத்துடன் காலைத் தாங்கியது. தேவதாருக் கிளைகளிலிருந்து எப்போதாவது ஒரு பொதி பனி நழுவி விழும். மற்றபடி சத்தமே இல்லை. புதுப் பனி ஒலியைக் குடித்துவிடுகிறது. பாதைக்குக் குறுக்கே ஒரே நேர்கோட்டில் சிறிய தடங்கள் போயின. நரி என்றார் வழிகாட்டி. பையன் அதன் பக்கத்திலேயே, தடத்தைக் கலைக்காமல், வெகுதூரம் நடந்தான். ஸ்கீயிங் பற்றிய பேச்சு அத்தோடு நின்றது.

ஹாட்டு உச்சி சுமார் 3,400 மீட்டர். அங்குள்ள மரக்கோயிலை மண்டோதரியோடு சேர்த்துச் சொல்கிறார்கள். இலங்கை ராணி இவ்வளவு வடக்கே என்ன செய்கிறாள் என்று கேட்க ஆசைதான். பாதி வழியிலேயே வெயில் ஏறி, பனி இளகி, முழங்கால்வரை புதைய ஆரம்பித்தது. திரும்பிவிட்டோம். இறங்கும்போது ஆப்பிள் தோட்டத்துச் சரிவில் உள்ளூர்ப் பிள்ளைகள் உரச்சாக்கில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பையனுக்கும் ஒரு சாக்கு கொடுத்தார்கள். பணம் வாங்கவில்லை, புளியோதரை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று மாலை சிம்லா திரும்பியபோது வானத்தில் நட்சத்திரம். மைதானத்தில் நீண்ட குழாயைப் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள், வாசல் தெளிப்பது போல ஒரே சீராக. மறுநாள் காலை அது கண்ணாடியாக இருந்தது.

சமதளம் என்ற ஒரே தைரியத்தில் இரும்புக் கத்தி பதித்த காலணிகளை மாட்டிக்கொண்டேன். முழங்காலை மடக்கி, உடம்பைச் சற்று முன்னால் சாய்க்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் போச்சு. "பெரியம்மா, கீழே பார்க்காதீர்கள்" என்று பையன் கத்திக்கொண்டே இருந்தான். பார்த்தேன். ஏழு முறை விழுந்தேன். எட்டாவது முறை எழுந்து கம்பியைப் பிடிக்காமல் ஒரு பக்கம் முழுவதையும் கடந்தபோது, என்னைவிட மூத்த ஒரு சர்தார்ஜி கைகளைப் பின்னால் கட்டியபடி மிதந்து போனார். போகிற போக்கில் ஒரு புன்னகை.

வெளியே வரும்போது திரும்பிப் பார்த்தேன். நான் விழுந்த இடங்களில் எல்லாம் ஐஸில் கீறல்கள். ஒரு இடத்தில் கையுறையின் சிவப்புப் பிசிறு ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்கும் முகத்துடன் அந்த ஊழியரிடம் காட்டினேன். அவர் வானத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, ராத்திரித் தண்ணீரில் எல்லாம் மூடிவிடும் என்றார் இந்தியில்.