சார் போட்ட பென்சில் கேள்விக்குறி

கல்லூரியில் எனக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்த சார் இறந்து இந்த மாதத்தோடு இரண்டு வருடம். ‘அனாலிசிஸ் பேப்பரை எப்படிப் படித்தீர்கள்’ என்று ஜூனியர்கள் கேட்கும்போது நான் சொல்வதில் முக்கால்வாசி அவர் சொன்னதுதான். சொல்லிச் சொல்லிப் பாதி உதிர்ந்துவிடுகிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதல் செமஸ்டரில் நான் தேற்றங்களை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். உட்தேர்வில் 50க்கு 41. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டே சார் கூப்பிட்டார். “வரி பிசகாம எழுதியிருக்கே. சரி, இந்த மூணாவது வரி எதுக்குன்னு சொல்லு.” நான் முழித்தேன். மார்க்கைக் குறைக்கவில்லை, ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் சொல்லிக் கொடுத்த முறை இது. நிரூபணத்தை ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, வெள்ளைத்தாளில் எழுத வேண்டும். சிக்கினால் உடனே திறக்கக் கூடாது. ‘இங்கே எனக்கு இன்னது தேவைப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பத்து நிமிடம் முட்டிப் பார்க்க வேண்டும். பிறகு திறந்து, அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூட வேண்டும். மறுநாள் ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை எழுதிப் பார்க்கச் சொல்வார். இப்படி இடைவெளி விட்டுப் படிப்பது நினைவில் நிற்கிறது என்று 1885லேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து எழுதியிருப்பது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. சாருக்கு அதெல்லாம் அக்கறையில்லை. “எழுதிப் பாரு, தெரியும்” என்பார்.

இன்னொன்றுதான் என்னை உண்மையிலேயே மாற்றியது. எந்தத் தேற்றமானாலும் அதன் நிபந்தனைகளில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, எங்கே உடைகிறது என்று பார்க்கச் சொல்வார். ஒரு தொடர் குவிந்தால், அதாவது கூட்டிக்கொண்டே போகும்போது தொகை ஓர் எண்ணை நெருங்கி நின்றால், அதன் உறுப்புகள் சுழியை நோக்கிப் போகும். திருப்பிப் போட்டால்? சுழியை நோக்கிப் போனால் குவியுமா? என் நோட்டின் மூலையில் 1, 1/2, 1/3, 1/4 என்று எழுதினார். 1/3ஐயும் 1/4ஐயும் வளைத்துக் கட்டி, “இது ரெண்டும் சேர்ந்தா அரையை விடப் பெரிசு” என்றார். அடுத்த நாலு உறுப்புகளும் சேர்ந்தால் அரைக்கு மேல், அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாக ஏறிக்கொண்டே போகிறது, நிற்கிற இடமே இல்லை. 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஒரேம் செய்த வேலை இது. ஆனால் கூட்டுத்தொகை 10ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். “கால்குலேட்டரை நம்பியிருந்தா குவியுதுன்னு சத்தியமே பண்ணியிருப்பே.”

அன்றைக்கே ஒரு தனி நோட்டு போட்டேன். இடப்பக்கம் தேற்றம், வலப்பக்கம் அதை உடைக்கும் உதாரணம். தொடர்ச்சியாக இருந்தும் ஒரு புள்ளியில்கூட வகையிட முடியாத (வளைவுக்கு எங்கேயும் தொடுகோடு போட முடியாத) சார்பு, 1872இல் ஜெர்மன் கணிதவியலாளர் வையர்ஸ்ட்ராஸ் காட்டியது, முழுதாக ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டது. சரியா தவறா கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வலப்பக்கத்திலிருந்துதான் வரும்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். பழைய வினாத்தாள்களைத் தொடவே விடமாட்டார். அவரை நம்பி ஒருமுறை கடைசிக் கேள்வியை நேரம் போதாமல் வெறுமனே விட்டுவிட்டு வந்தேன். கடைசி மூன்று வாரம் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழைய தாள்களைப் போட்டுப் பாருங்கள். இதை அவரிடமே சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

படிப்பு முடிந்த பிறகு நண்பராகிவிட்டார். திடீரென்று இரண்டு பக்க நிரூபணம் ஒன்றை அனுப்பி, “இதுல எங்கேயோ ஓட்டை இருக்கு, கண்டுபிடி” என்பார். சில சமயம் வேண்டுமென்றே வைத்த ஓட்டை, சில சமயம் ஓட்டையே இருக்காது. எது எது என்று கடைசிவரை விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவர் போனபோது தகுதித் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. புத்தகம் திறந்தால் எழுத்து ஓடவில்லை. புதிதாக எதையும் எடுக்காமல், அந்த நோட்டின் வலப்பக்கத்தை மட்டும் ஒரு நாளைக்கு ஒன்றாக வெள்ளைத்தாளில் எழுதினேன். அந்த நிலைமையில் இருப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். தேறிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவர் அனுப்பிய கடைசி நிரூபணம் என் மேஜையில் இருக்கிறது. எத்தனையோ முறை மூடிவைத்து எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டாம் பக்கம், ஐந்தாவது வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அது ஓட்டைதானா என்று இன்னும் தெரியவில்லை.