மூலவர் ஆன யெட்டி

ஆர்லாண்டோவுக்கு டிக்கெட் போட்ட அன்னிலேர்ந்து வீட்டம்மா ஒரே பாட்டுதான். அங்க டிஸ்னியோட அனிமல் கிங்டம் பார்க்குல எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட்னு ஒரு ரோலர் கோஸ்டர் இருக்குல்ல, அதுல வர்ற யெட்டி, அதான் பனிமனிதன் பொம்மை, அசையவே அசையாதாம், அதுக்குப் போய் வெயில்ல க்யூல நிக்கணுமான்னு.

அவ சொன்னது பொய்யில்ல. 2006ல திறந்தப்போ 25 அடி உயரத்துல ஒரு பனிமனிதன், கடைசி குகைக்குள்ள ரயில் வரும்போது மேலேர்ந்து பாய்ஞ்சு கைய நீட்டும். சில மாசத்துலயே மக்கர் பண்ணி நின்னுடுச்சு. அதுலேர்ந்து ஸ்ட்ரோப் லைட்டை படபடன்னு அடிச்சு அசையற மாதிரி காட்டறாங்க, ரசிகர்கள் வெச்ச பேரு டிஸ்கோ யெட்டி. உற்சவரா வந்தவரு மூலவர் ஆயிட்டாரு, அவ்ளோதான். இதை டிசைன் பண்ண ஜோ ரோடி 2013லயே ஒரு மேடையில என்னிக்காவது சரி பண்ணிடுவேன்னு சொன்னாரு, 2021ல ரிட்டயரும் ஆயிட்டாரு. மலைக்கு நடுவுல, உசரத்துல, அவ்ளோ பெரிய மெஷினு, கட்டி முடிச்ச மலைக்குள்ள கைய விட்டு ரிப்பேர் பாக்கறது லேசுப்பட்ட வேலையா என்ன.

பையன்கிட்ட இதையெல்லாம் சொல்லக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டுதான் கூட்டிட்டுப் போனேன்.

க்யூவே ஒரு ஊர் மாதிரி இருக்கு. நேபாளப் பக்கத்து கோயில், மலையேற பர்மிட் குடுக்கற ஆபீஸ், யெட்டி மியூசியம்னு நுழைஞ்சு நுழைஞ்சு போகணும், பையன் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியா நின்னு காலடித் தடம் பாத்ததுல எங்களுக்குப் பின்னாடி நின்னவங்க முன்னாடி போயிட்டாங்க. மலை உயரம் 200 அடிக்கு ஒரு நூல் கம்மி, 200 தொட்டா ஃப்ளைட்டுக்காக உச்சில சிவப்பு விளக்கு வைக்கணுமாம், இமயமலைல விளக்கு எரிஞ்சா நல்லாவா இருக்கும்.

ரயில் மலை மேல ஏறிப் போய் டக்குனு நிக்குது, முன்னாடி பாத்தா தண்டவாளம் பிய்ச்சுப் போட்ட மாதிரி வளைஞ்சு கிடக்கு, அதுக்கப்புறம் வெறும் ஆகாசம். பையன் என் கைய நறுக்குனு கிள்ளினான். அப்படியே பின்னாடி இருட்டுக்குள்ள வழுக்கிக்கிட்டுப் போகுது, வந்த வழில இல்ல, நாம மேல வாயப் பொளந்து நிக்கற நேரத்துல பின்னாடி ட்ராக்கையே மாத்திடறாங்க. அப்புறம் சுவத்துல ஒரு நிழல் தண்டவாளத்தப் பிடுங்குது, அடுத்து 80 அடி கீழ. கடைசி குகைல லைட்டு பளிச் பளிச்சுன்னு அடிச்சுது, தலைக்கு மேல வெள்ளையா என்னமோ, ஒரு செகண்டு கூட இருக்காது.

எறங்கினதும் பையன், "அப்பா என் தலைய தொட்டுட்டுது!"ன்னான். வீட்டம்மா, "பாத்தியா, அசையவே இல்ல"ன்னா. ரெண்டு பேரும் ஒரே சீட்டு வரிசைதான்.

எனக்கு என்னவோ அந்த ரைடுல உசிரு இருக்கறது பிய்ஞ்ச தண்டவாளத்துலதான், அது வேலை செஞ்சா யெட்டி சும்மா நின்னாலும் ஓடிடும். ஆனா எல்லா இடத்துலயும் இப்படி சொல்ல முடியாது. வேற ஒரு பார்க்குல, பேர் வேணாம், படகு ரைடு போனோம், கொள்ளைக்காரப் பொம்மை ஒண்ணு கத்திய பாதி தூக்கி விக்கல் எடுத்த மாதிரி நிக்குது, இன்னொண்ணு வாயே அசையாம வசனம் பேசுது, படகு வேற ஆமை வேகம், எவ்ளோ நேரம்தான் அதையே பாக்கறது. அங்க பொம்மையத் தவிர ஒண்ணுமே இல்ல, அப்போ பொம்மை போச்சுன்னா எல்லாம் போச்சு.

சாயங்காலம் பையன் திரும்பப் போகணும்னு அடம். க்யூல நிக்கும்போது அவனோட அம்மா சத்தியத்தை காத்துல விட்டுட்டா, மெஷின் நின்னுபோன கதைலேர்ந்து டிஸ்கோ வரைக்கும் மொத்தமும். இந்த தடவை அவன் கண்ணை இமைக்காம மேலயே பாத்துட்டு வந்தான். எறங்கி ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டான், "அப்பா, ட்ராக் உடைஞ்ச இடத்தோட எறக்கி விட மாட்டாங்களா?"