கறுத்துப்போன சிவப்புக் கயிறு

இன்று காலை சேலத்துத் தம்பி ஒருவர் முகப்புப் படம் மாற்றியிருக்கிறார். கடலுக்கடியில் எடுத்தது.

மணிக்கட்டில் கோட்டை மாரியம்மன் கோயில் சிவப்புக் கயிறு. படத்தில் அது கறுப்பு!

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். 5 மீட்டர் ஆழத்திலேயே மங்கும். 10 மீட்டரைத் தாண்டினால் கருஞ்சாம்பல். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய் அடித்தால் நிறம் திரும்பும். எட்ட நின்று அடித்தால் மிதக்கும் தூசிதான் வெள்ளைப் புள்ளிகளாக விழும்.

விரலையும் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்: முக்குளிப்பவர்களின் சைகையில் ‘நலமாக இருக்கிறேன்.’ கட்டைவிரலை உயர்த்தினால் ‘மேலே போவோம்’ என்று அர்த்தம். பழகியவர்கள் நீருக்கடியில் படத்துக்காக அப்படிக் காட்டமாட்டார்கள்.

நிறத்தைச் செயலியில் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. எவ்வளவு ஆழம் என்பதை அந்தக் கறுப்பே சொல்கிறது.

ஊரில் அம்மா கட்டிவிட்ட கயிறாம்.