ஓப்பன்பிஎஸ்டியில் ஃபெயிலான டெஸ்ட்டுகளைத் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தது

லினக்ஸில் ஒழுங்காக ஓடுகிற ஒரு சி++ லைப்ரரியை ஓப்பன்பிஎஸ்டி என்ற இன்னொரு ஓஎஸ்ஸுக்குக் கொண்டுவரும் வேலை. கம்பைல் ஆகிவிட்டது. டெஸ்ட்டுகளை எட்டு ஜாப்களாக, அதாவது ஒரே நேரத்தில் எட்டு ஓடும்படி, விட்டதும் ஃபெயில் பட்டியல் திரையைத் தாண்டிப் போனது.

மொத்தத்தையும் மறுபடி ஓட்டவில்லை. டெஸ்ட்டுகளை ஓட்டும் கருவியான சிடெஸ்ட்டில் 'ரீரன் ஃபெயில்ட்' ஆப்ஷன் கொடுத்து, ஒரே ஜாபாக ஓட்டினேன். விழுந்தவற்றின் பெயர்களை அது பில்டு டைரக்டரிக்குள் ஒரு லாக் ஃபைலில் வைத்திருக்கும். அடுத்த ரன்னில் அது மாறிவிடும் என்பதால் முதலிலேயே ஒரு காப்பி எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் பாஸ்! ஒரே போர்ட்டுக்கும் ஒரே டெம்ப் ஃபைலுக்கும் அடித்துக்கொண்டவை அவை. ஓப்பன்பிஎஸ்டி மேல் பழி போட முடியாது. சில ஸ்கிரிப்ட்டுகள் பாஷ் என்ற ஷெல் இல்லாமல் விழுந்தன. பேக்கேஜைப் போட்டு, முதல் வரியில் பாதையை மாற்றியதும் சரி.

நெட்வொர்க் டெஸ்ட்டுகள் மட்டும் தனியாக ஓட்டினாலும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. டெஸ்ட் நடுவில் நிற்கும்போது, எந்தப் போர்ட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் நெட்ஸ்டாட்டைப் பார்த்தால், சர்வர் ஐபிவி6-இல் மட்டும் காத்திருக்கிறது, கிளையண்ட் அதே மெஷினின் ஐபிவி4 முகவரியான 127.0.0.1-ஐத் தட்டுகிறது. லினக்ஸில் வழக்கமாக ஒரே ஐபிவி6 சாக்கெட் இரண்டு வகை இணைப்பையும் வாங்கிக்கொள்ளும். ஓப்பன்பிஎஸ்டியில் அந்தப் பேச்சே கிடையாது, செட்டிங் மாற்றியும் பிரயோஜனமில்லை. சாக்கெட்டை இரண்டாகப் பிரித்தேன்.

அடுத்தது ஒரு கிராஷ், அதுவும் சில சமயம் மட்டும். அந்த ஒன்றை மட்டும் ஜிடிபி என்ற டீபக்கரில் ஓட்டினேன். பாயிண்டர் முழுக்க டிஎஃப் டிஎஃப் டிஎஃப் என்று இருந்தது. பார்த்ததுமே பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் ஃப்ரீ செய்த மெமரியில் இங்கே மெமரியை ஒதுக்கித் தரும் மேலாக் நிரப்பும் பைட் அதுதான். மூடிவிட்ட செஷனின் பாயிண்டரை, பிறகு கூப்பிடுவதற்காகப் பதிந்துவைத்த ஒரு ஃபங்ஷன், அதாவது கால்பேக், இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. லினக்ஸில் பழைய டேட்டா பெரும்பாலும் அப்படியே கிடப்பதால் இத்தனை நாள் பாஸ் ஆகியிருக்கிறது. மேலாக் ஆப்ஷன்களில் கடுமையான சோதனைகளை இயக்கும் 'எஸ்' கொடுத்து அதை மட்டும் ஓட்டியதும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் விழுந்தது. தவறாமல் விழுகிற டெஸ்ட்டைப் போல வசதி வேறில்லை. கால்பேக்கைக் கழற்றிவிட்டுத்தான் செஷனை மூட வேண்டும் என்று மாற்றியதும் நின்றுவிட்டது.

மிச்சம் இருப்பது ஒரு டைமர் டெஸ்ட். 1 மில்லிசெகண்ட் தூங்கிவிட்டு 5-க்குள் எழ வேண்டும் என்கிறது. இங்கே கெர்னலின் கடிகாரத் துடிப்பான டிக் நொடிக்கு 100 தான், அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று, ஆகவே 10-க்குக் கீழே எழுந்திருக்க வாய்ப்பில்லை. வரம்பைத் தளர்த்துவதா, இந்த ஓஎஸ்ஸில் ஸ்கிப் செய்வதா என்று மெயின்டெயினரிடம் கேட்டிருக்கிறேன். சாக்கெட், கால்பேக் பேட்ச்கள் இரண்டும் போய்விட்டன.