தாத்தாவின் மலைக்கணக்கு

தாத்தா மறைந்து ஓராண்டு நிறைவதற்குள் அவருடைய வாழ்க்கையை ஒரு சிறு நினைவு மலராகத் தொகுத்து, முதலாண்டுத் திதிக்கு வரும் உறவினர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் முடிவானபோது, கணினியில் தமிழ் தட்டச்சு செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. நான்கு பக்கம் எழுதி இரண்டு படங்களைச் சேர்த்தால் முடிந்துவிடும் என்று நினைத்துத் தை மாதத்தில் தொடங்கினேன், ஐப்பசியில்தான் முடிந்தது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவக்கூடும் என்பதால், அது நடந்த விதத்தையும் நான் தவறிய இடங்களையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்கு அருகில், காவிரிக்கும் குடமுருட்டிக்கும் இடையே இருக்கிறது. தாத்தாவுக்கு ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். வரப்பையும் ஆற்றங்கரையையும் தவிர மேடு என்று சொல்ல எதுவும் இல்லாத அந்த ஊரில் பிறந்தவர், மலை என்றால் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுவார். சம்பா அறுவடை முடிந்து, தாளடித் தரிசில் விதைத்த உளுந்தையும் எடுத்தபின், ஜூன் 12 வாக்கில் மேட்டூரில் தண்ணீர் திறக்கும்வரை வயலில் வேலை இருக்காது. ஆற்றிலும் மணல்தான் கிடக்கும். வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறுவதற்கான பருவமும் அந்தக் கோடைதான். ஆகவே சித்திரைப் பௌர்ணமிக்கு நான்கு நாட்கள் முன்பே அவர் மூட்டை கட்டிவிடுவார்.

அவருடைய மரப்பெட்டியில் கிடைத்த சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டுதான் எனக்கு முதல் ஆதாரம். முன்பக்கத்திலிருந்து நெல் கணக்கு, நடவுக் கூலி, உரக்கடைப் பாக்கி. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து தொடங்கினால் மலைக்கணக்கு. வெள்ளியங்கிரிக்கு ஒரு பக்கம், பர்வதமலைக்கு ஒரு பக்கம், சதுரகிரிக்கு ஒரு பக்கம் என்று பிரித்திருந்தார். வெள்ளியங்கிரிப் பக்கத்தின் முதல் வரி (௵ என்பது வருடத்தையும் ௴ என்பது மாதத்தையும் குறிக்கும்) இப்படி இருந்தது: 'ஆனந்த ௵ சித்திரை ௴ வெள்ளியங்கிரி. கோவை வரை ரயில். பூண்டிக்கு பஸ். மூங்கில் தடி 1. அவல், வெல்லம். ஆள் 1.' அதற்குக் கீழே வெவ்வேறு ஆண்டுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. மலையின் பெயர் மட்டும் பெரும்பாலான வரிகளில் இல்லை. அதன் இடத்தில் சுழித்து எழுதிய ஒரு குறி இருந்தது.

பிள்ளையார் சுழி போல அதுவும் ஏதோ ஒரு மங்கலக் குறியாக இருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, மலையின் பெயர் முழுதாக எழுதியிருந்த வரிகளை மட்டும் எண்ணி, 'தாத்தா நான்கு முறை வெள்ளியங்கிரி ஏறியவர்' என்று முதல் வரைவில் எழுதிவிட்டேன். பத்திர எழுத்தரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்த சித்தப்பா அதைப் படித்துவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தார். "டேய், இது மேற்படிடா. பழைய பத்திரம் பூரா இதுதான் இருக்கும். ௸ கிராமம், ௸ சொத்துன்னு எழுதுவாங்க" என்றார். மீண்டும் எண்ணினோம். நான்கு வரிகளில் பெயர், இருபத்து மூன்று வரிகளில் மேற்படி. ஆக மொத்தம் இருபத்தேழு முறை. பழைய கையெழுத்தைப் படிக்கும்போது புரியாத குறியை அலங்காரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு நான் கொடுத்த விலை, அச்சுக்குப் போக இருந்த ஒரு பெரிய பிழை.

அடுத்த சிக்கல் ஆண்டுகள். தாத்தா எங்கும் ஆங்கில ஆண்டை எழுதவில்லை. பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1937 என்று இருந்தது. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்ப்பதற்காக வாய்க்கு வந்த ஜூன் மாதத் தேதியைச் சொல்வது வழக்கம் என்பதால் அதை நம்ப முடியவில்லை. ஜாதகத்தில் வெகுதானிய ஆண்டு, மாசி மாதம். அத்தை மகன் அட்டவணையைப் பார்த்து, வெகுதானிய என்றால் 1938 என்று எழுதி அனுப்பினான். அதுவும் தவறு. சித்திரையில் பிறக்கும் தமிழ் ஆண்டில் தை, மாசி, பங்குனி ஆகியவை அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழுந்துவிடும் என்பதால், வெகுதானிய மாசி என்பது 1939 பிப்ரவரி, மார்ச். அதேபோல ஆனந்த ஆண்டுச் சித்திரை என்பது 1974. முதல் முறை மலை ஏறியபோது அவருக்கு வயது 35. கடைசி முறை விய ஆண்டு, அதாவது 2006இல், 67.

இந்த ஆண்டு வரிசையை எனக்குச் சிறுவயதில் சொல்லிக்கொடுத்தவரே தாத்தாதான் என்பது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. சுவாமிமலை இயற்கையான மலை அன்று, கட்டுமலை. அதன் அறுபது படிகளும் அறுபது தமிழ் ஆண்டுகளைக் குறிப்பவை. பிரபவ, விபவ, சுக்கில என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு பெயரைச் சொல்லச் சொல்லி என்னை ஏற்றிச் செல்வார். பன்னிரண்டாம் படியில் நின்று, "இதுதான் நான்" என்பார். மலை இல்லாத சீமையில் மலையைக் கட்டியாவது ஏறியிருக்கிறார்கள் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. நல்லூர், குடவாசல் மாடக்கோயில்களையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துப் பேசுவார். அந்தப் படிகளை ஒருமுறை பார்த்து வரலாம் என்று கிளம்பினால், வருஷம் திரும்பும்வரை மலைக்கோயில் ஏறக் கூடாது என்று அத்தை தடுத்துவிட்டார். அது கட்டுமலைதானே என்று வாதாடிப் பார்த்தேன். கட்டினாலும் மலை மலைதான் என்று தீர்ப்பு வந்தது. அதே காரணத்தால் வெள்ளியங்கிரிக்கும் போக முடியாமல், தாத்தாவைப் போலவே அங்கே போய்வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தேடிப்பிடித்து, கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை, வழுக்குப்பாறை, வெண்மண் கிடைக்கும் திருநீற்று மலை என்று அவர் சொன்னதையெல்லாம் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன்.

பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும்போது, 'எந்த வருஷம்?' என்ற கேள்வியால் பயன் இல்லை என்பதை இரண்டாம் நாளே உணர்ந்தேன். 'புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. எங்கள் பக்கத்தில் 1952 புயல், 1977 வெள்ளம், 2018 கஜா ஆகிய மூன்றும் காலண்டரை விட நன்றாக வேலை செய்கின்றன.

அந்த 1977 வெள்ளம்தான் மலரில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற சண்டைக்கும் வழி வைத்தது. தாத்தாவும் அவர் தம்பியும் ஒரு வரப்புக்காக ஒன்பது ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு, எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்களாம். அந்த நவம்பரில் வந்த வெள்ளம் வரப்பையே கரைத்துக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் வடிந்தபின் எல்லை தெரியாமல் வண்டல் மூடிக் கிடந்த வயலில், இருவரும் கயிறு பிடித்து அளந்து புது வரப்புப் போட்டிருக்கிறார்கள். யார் முதலில் பேசினார் என்று எவருக்கும் தெரியவில்லை. நோட்டில் அடுத்த சித்திரைக்கான வரி இது: 'காளயுக்தி ௵ ௸. தடி 2. ஆள் 2.' பக்கம் முழுவதிலும் ஆள் 2 என்று இருப்பது அந்த ஒரு வரியில்தான். பகையைப் பற்றி எழுதினால் சின்னத் தாத்தா வீட்டார் மனம் வருந்துவார்கள் என்று அப்பா சொன்னார். அவர்கள் வீட்டுக்கே நோட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த வரியைக் காட்டினேன். சின்னத் தாத்தாவின் மகன் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "போடு" என்று மட்டும் சொன்னார்.

தாத்தாவின் பக்தியைப் பற்றி எழுதுவதுதான் எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது. 'சிறந்த சிவபக்தர்' என்று எழுதினால் எல்லார் தாத்தாவுக்கும் அது பொருந்தும். விடியற்காலையில் பம்புசெட்டுத் தொட்டியில் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு 'மாதர்ப்பிறைக் கண்ணியானை' பதிகத்தைச் சத்தமாகப் பாடிக்கொண்டு வரப்பில் நடப்பார் என்று எழுதிய பிறகே அவர் முகம் எனக்குத் தெரிந்தது. முதுமையில் கயிலையைக் காணப் புறப்பட்டு, கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடலால் உருண்டும் போன அப்பரை அங்கே ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றுக் குளத்தில் எழச்செய்து, இறைவன் கயிலைக் காட்சி தந்தான் என்பது வரலாறு. அப்போது பாடியது அந்தப் பதிகம். ஐயாறப்பர் கோயிலுக்குள்ளேயே தென்கயிலாயம் என்றும், ராஜராஜனின் தேவி உலோகமாதேவி எடுப்பித்த வடகயிலாயம் என்றும் இரண்டு கயிலாயங்கள் உள்ளன. முழங்கால் தேய்ந்து மலைக்குப் போக முடியாமல் ஆன பிறகு, ஆடி அமாவாசை இரவில் நடக்கும் அப்பர் கயிலைக் காட்சிக்குத் தாத்தா ஓராண்டும் தவறியதில்லை. "அப்பருக்கே முடியலேன்னு இங்க கொண்டாந்து காட்டினவன், எனக்குக் காட்ட மாட்டானா?" என்று கேட்பார்.

அச்சு வேலையில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் மூன்று ஃபாரத்தில் 48 பக்கங்களாக அடக்கினோம், 150 பிரதிகள். அச்சகத்தாரின் எழுத்துருவில் ௸ குறி இல்லாததால், நோட்டின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அப்படியே ஒரு முழுப் பக்கமாக வைத்துவிட்டேன். இருந்தாலும் ஓர் இடத்தில் 'மலையேற்றம்' என்பது 'விலையேற்றம்' என்று அச்சாகியிருக்கிறது. மூன்று பேர் மெய்ப்புப் பார்த்தும் தப்பிய பிழை அது.

திதி முடிந்து, சாப்பாடு ஆகி, உறவினர்கள் கிளம்பிய பிறகு, அப்பாயி என்னைத் திண்ணைக்கு அழைத்து, மலைக்கணக்குப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். நான் ஆண்டுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் மேற்படி, மேற்படி என்று படித்துக்கொண்டே போனேன். ஏழெட்டு வரி ஆனதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சித்திரை மாசம் ஐயாறப்பரோட ஏழூர்ப் பல்லக்கு நம்ம தெருவுக்கு வர்றப்ப, இவரு ஏழு மலை ஏறப் போயிடுவாரு. அத்தனை வருசமும் வாசல்ல நின்னு தேங்காய் ஒடச்சது யாரு? அது எங்கடா இருக்கு இதுல?"

இல்லை என்றேன். மீதி இருந்த நாற்பது சொச்சம் பிரதிகளை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில், 'மேற்படி ஆண்டுகளில் ஏழூர்ப் பல்லக்குக்கு வீட்டு வாசலில் தேங்காய் உடைத்தவர் அப்பாயி' என்று பேனாவால் எழுதத் தொடங்கினேன். மை காய்வதற்குள் மூடிவிடாதே என்று சொல்லிக்கொண்டு, கடைசிப் பிரதி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.